பத்து நாள் ஒப்பந்தம்

அட்டனிலோ தலவாக்கலையிலோ 'கூடை' என்ற சொல்லைச் சொன்னால், தலையிலிருந்து கயிற்றில் தொங்கி முதுகை அழுத்தும் கொழுந்துக் கூடைதான் நினைவுக்கு வரும். 1891ஆம் ஆண்டின் பனிக்காலத்தில், ஐக்கிய அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் பீச்சுப் பழக் கூடைகள் இரண்டை உயரத்தில் மாட்டி ஒரு புது விளையாட்டைத் தொடக்கி வைத்தார். அந்நாளில் இங்கே கோப்பி அழிந்து, அது நின்ற சரிவுகளில் தேயிலை வேரூன்றிக்கொண்டிருந்தது. இவ்விரு கூடைகளுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்பது நியாயமே. ஒரு சொல்தான் இரண்டையும் என் மனத்தில் இணைத்தது.

அணிக்கு அணி மாறி, எங்கும் நிலைக்காமல், நட்சத்திரமாகவும் ஆகாமல் காலங்கழிக்கும் ஆட்டக்காரனை ஆங்கில விளையாட்டு எழுத்தாளர்கள் 'ஜேர்னிமன்' என்று அழைக்கின்றனர். அவன் ஊர் ஊராகப் பயணம் செய்வதால் அப்பெயர் வந்தது என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. 'ஒரு நாள்', 'ஒரு நாள் வேலை' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லொன்றின் வழி வந்தது அது. சொந்தப் பட்டறை இல்லாமல், பிறருடைய பட்டறையில் நாட்கணக்கிற்கு உழைத்த கைவினைஞனையே அது முதலிற் குறித்தது. நாட்கூலிக்காரன் என்பதே அதன் நேர்ப் பொருள்.

நாட்கூலி என்றால் என்ன என்பதை மலையகத்துக்கு யாரும் அகராதியைப் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே ஒரு நாள் உழைப்புக்குப் 'பேர்' என்று பெயர். குறித்த நிறைக்குக் கொழுந்து சேர்ந்தால் பேர் விழும், சேராவிட்டால் அரைப்பேர். மனிதனின் பெயரையே கூலியின் அலகாக்கி, அதைப் பாதியாகவும் வெட்டலாம் என்று கண்டுபிடித்த பொருளாதாரம் எவ்வளவு வெளிப்படையாகப் பேசுகிறது!

நான் இங்கே எடுத்துக்கொள்ளும் நாட்கூலிக்காரர் கெவின் ஒல்லி. 1972இல் பிறந்து லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வளர்ந்த கறுப்பினத்தவர். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் ஜிம் கல்ஹூன் என்ற புகழ்பெற்ற பயிற்சியாளரின் கீழ் ஆடி 1995இல் வெளியேறினார். அவ்வாண்டு தொழில்முறை அணிகள் புதிய ஆட்டக்காரரைத் தெரிவு செய்தபோது அவரை எவரும் தெரியவில்லை. சிறு அணிகளில் ஆடிக் காத்திருந்து, 1997இல் பெரிய அரங்கிற்குள் நுழைந்தார். அதன்பின் பதின்மூன்று பருவங்கள். பதினொரு நிறுவனங்களின் அணிகள். டல்லஸ், ஒர்லாண்டோ, சாக்ரமென்டோ, பிலடெல்பியா, சிக்காகோ, மில்வாக்கி, சியாட்டில், கிளீவ்லாந்து என்று அந்தப் பட்டியல் புகையிரத நேர அட்டவணைபோல நீளும். ஓர் ஆட்டத்திற்குச் சராசரி நான்கு புள்ளிகள்கூட அவருக்கு இல்லை.

அந்த அரங்கில் 'பத்து நாள் ஒப்பந்தம்' என்றொரு முறை உண்டு. ஆட்டக்காரர் ஒருவர் காயமுற்றால், வெளியிலிருந்து ஒருவரைப் பத்து நாளைக்கு அமர்த்தலாம். ஒரே பருவத்தில் ஒருவருக்கு ஓர் அணி இவ்வாறு இருமுறைதான் கொடுக்கலாம்; மூன்றாம் முறை அவரைப் பருவ முடிவுவரை வைத்திருக்க வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும். ஒல்லி இத்தகைய ஒப்பந்தங்களில் ஒருமுறைக்கு மேல் வேலை பார்த்தவர். இம்முறையின் நுட்பம் கவனிக்கத்தக்கது. இதில் யாரும் யாரையும் வேலைநீக்கம் செய்வதில்லை. குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை, கடுஞ்சொல்கூட இல்லை. பதினோராம் நாள் விடிகிறது, அவ்வளவுதான். நாள் முடிந்துவிட்டது என்ற உண்மையை எதிர்த்து எவன் முறையிட முடியும்?

நீண்ட ஒப்பந்தம் கிடைத்தாலும் நிலைமை முற்றாக மாறிவிடவில்லை. 2003 பெப்ரவரியில் மில்வாக்கி அணியும் சியாட்டில் அணியும் ரே அலன், கேரி பேட்டன் என்ற இரு பெரும் ஆட்டக்காரரைக் கைமாற்றிக்கொண்டன. கணக்கைச் சரிக்கட்டச் சேர்க்கப்பட்டோரில் ஒல்லியும் ஒருவர். நிறை போதாத தராசில் கடைக்காரன் வைக்கும் கிள்ளு என்று இதைச் சொல்லலாம். மறு ஆண்டு கிளீவ்லாந்து அணி அவரைப் பிலடெல்பியாவுக்கு மாற்றியது. ஒப்பந்தம் ஆளுடையது, ஆள் ஒப்பந்தத்தினுடையவன்.

இதை வாசிக்கும்போது நமது பழைய துண்டு முறை நினைவுக்கு வராமலிருக்க முடியாது. கங்காணியும் அவனுடைய ஆட்களும் பட்ட கடனைக் குறித்து, இத்தொகையைத் தந்தால் இவர்களை விடுவிக்கிறேன் என்று துரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பான். அடுத்த தோட்டத்துத் துரை அத்தொகையைக் கட்டி ஆட்களைப் பெற்றுக்கொள்வான். கடன் கைமாறும்போது மனிதரும் கைமாறினர். 1921இல் சட்டம் அதைத் தடை செய்தது. ஆனால் மனிதரைத் தொகையாக எண்ணும் பழக்கம் சட்டப் புத்தகத்தோடு மறைந்துவிடவில்லை. 1964 ஒக்டோபரில் கொழும்பும் புதுடில்லியும் 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று உடன்பட்டபோது, அந்தப் பேரில் எவரிடமும் எவரும் கேட்கவில்லை.

நண்பர் சிலர் இவ்விடத்தில் என்னை மறிப்பர். மில்லியன் டாலர் சம்பளம் பெற்ற ஒருவனை லயத்து அறையில் வாழும் தொழிலாளியோடு ஒப்பிடுவது கேலிக்கூத்தல்லவா? ஊதியத்தை ஒப்பிட்டால் கேலிக்கூத்துத்தான். நான் ஒப்பிடுவது ஊதியத்தையன்று, நாளையை. தன் நாளை தன் கையில் இல்லாத நிலை எல்லாப் படிகளிலும் ஒரே அளவு பட்டினியைத் தருவதில்லை என்பது உண்மை. எனினும் அந்த நிலையைப் புகழ்ந்து பேசும் தத்துவம் எல்லாப் படிகளிலும் ஒன்றாகவே இருக்கிறது. அந்தத் தத்துவமே இக்கட்டுரையின் இலக்கு.

அது இவ்வாறு பேசுகிறது: நிச்சயமின்மையே மனிதனைப் புடம்போடுகிறது, நாளை வேலை இருக்குமோ என்ற அச்சமே அவனிடம் ஒழுக்கத்தையும் பொறுமையையும் வளர்க்கிறது, பாதுகாப்புக் கிடைத்தால் சோம்பல் வரும். ஒல்லியின் வாழ்க்கையை இதற்குச் சான்றாகக் காட்டுவது எளிது. எவரும் வருமுன்னரே பயிற்சிக்கு வருபவர், இளைஞருக்கு வழிகாட்டுபவர் என்று அவர் பெயர் பெற்றிருந்தார். 2003–04 பருவத்தில் கிளீவ்லாந்தில் லெப்ரோன் ஜேம்ஸ் முதலாண்டு ஆடியபோது ஒல்லி அவரோடு இருந்தார். தம் இறுதிப் பருவமான 2009–10இல் ஒக்லஹோமா நகரில் கெவின் டுராண்டோடு இருந்தார். அந்த அணியின் பண்பாட்டையே மாற்றியவர் ஒல்லி என்று டுராண்ட் பின்னாளில் வெளிப்படையாகப் பாராட்டினார்.

இச்சான்றில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. பதினோராம் நாளில் வீடு திரும்பியவர்களின் கதையை எவரும் எழுதுவதில்லை. அவர்களும் விடிய முன்னர் எழுந்தவர்களே. நம் எதிரில் நிற்பவர் பிழைத்தவர். பிழைத்தவரைக் காட்டி நெருப்பின் நன்மையைப் போதிப்பது சூளைக்குச் சொந்தக்காரனின் தர்க்கம். 'எவ்வளவு பொறுமைசாலிகள்!' என்று அட்டை கடிக்கும் சரிவில் நிற்கும் பெண்களை வியந்து, அவர்கள் சிரிக்கும் படத்தைத் தேயிலைப் பெட்டியில் அச்சிடுவதும் இதே தர்க்கம்தான். பொறுமை அவர்களுடையது. அதற்கான பாராட்டை, பொறுக்க வைத்த நிலைமைக்குக் கொடுப்பது திருட்டாகும்.

ஒல்லி நல்ல ஆசிரியராக ஆனதற்கு வேறொரு காரணம் உண்டென நான் நினைக்கிறேன். பிறவியிலேயே கைவந்தவனுக்குத் தான் செய்வது எப்படி என்று தெரியாது, செய்து விடுவான். கைவராதவன் ஒவ்வோர் அசைவையும் பிரித்துப் பார்த்துக் கற்க வேண்டும். வாங்கிலே உட்கார்ந்திருப்பவன் ஆட்டம் முழுவதையும் காண்கிறான். ஆடுபவன் தன் ஆட்டத்தை மட்டும் காண்கிறான். வகுப்பறையில் இதை நாம் அறிவோம். கணக்குச் சுலபமாக வந்த ஆசிரியரைவிட, கணக்கோடு மல்லுக்கட்டிய ஆசிரியருக்கே கடைசி வாங்கு மாணவன் எங்கே தடுக்கி விழுகிறான் என்று தெரியும். ஆக, ஒல்லிக்கு அறிவைத் தந்தது கற்றலின் கடினம். பத்தாம் நாளின் அச்சம் அதோடு சேர்ந்து வந்த சுமையே.

2010இல் தம் பழைய பல்கலைக்கழகத்துக்குத் துணைப் பயிற்சியாளராகத் திரும்பினார். 2012 செப்டெம்பரில் கல்ஹூன் ஓய்வு பெற்றதும் தலைமைப் பதவி வந்தது. அதுவும் முதலில் ஒரு பருவத்துக்கு மட்டும்! மாணவரின் கல்வித் தேர்ச்சி குறைந்ததால் அப்பருவ இறுதிப் போட்டிகளிலிருந்து அவ்வணி விலக்கப்பட்டிருந்தது. மூன்றே மாதத்தில், டிசெம்பரில், அவருக்குப் பல ஆண்டு ஒப்பந்தம் கிடைத்தது. 2014 ஏப்ரலில் அவரது அணி, தன் பிரிவில் ஏழாம் தரத்தில் வைக்கப்பட்டிருந்தும், இறுதியாட்டத்தில் கென்டக்கியை 60–54 என வென்று தேசியப் பட்டம் பெற்றது. பாதுகாப்பு வந்தால் சோம்பல் வரும் என்போர் இந்த ஆண்டுகளைக் கவனிப்பாராக.

அதன்பின் தோல்விகள் வந்தன. 2018 மார்ச்சில் பல்கலைக்கழகம் அவரை நீக்கியது. ஆட்டக்காரரைச் சேர்ப்பதிலும் பயிற்றுவதிலும் விதிகளை மீறினார் என்பது காரணமாகக் கூறப்பட்டது. தகுந்த காரணத்துக்காக நீக்கினால் எஞ்சிய ஒப்பந்தப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. கல்லூரி விளையாட்டுச் சங்கமும் 2019இல் அவருக்கு மூன்றாண்டுத் தண்டனை விதித்தது. அவர் குற்றமற்றவர் என்று வாதாடுவது என் நோக்கமன்று. எத்தனையோ நகரங்களில் மௌனமாகப் பெட்டியைக் கட்டியவர், இம்முறை 'ஏன்?' என்று கேட்டார் என்பதே எனக்கு முக்கியம். கேட்கும் துணிவு திடீரென முளைக்கவில்லை; கேட்பதற்கு ஓர் இடம் இருந்தது. அப்பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளரும் பேராசிரியரும் ஒரே சங்கத்தினர். 1915இல் ஜோன் டூயியை முதல் தலைவராகக் கொண்டு தொடங்கிய அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கத்தின் கிளை அது. தனி ஒப்பந்தத்தின் சொற்களே போதும் என்றது நிர்வாகம். சங்கத்தின் கூட்டு ஒப்பந்தம் கேட்கும் உரிய காரணத்தைக் காட்ட வேண்டும் என்றது சங்கம்.

நம் நாட்டில் இந்தக் கேள்விக்கு இடம் முன்னரே பிறந்தது. ஒரு காலத்தில் துரை பற்றுச்சீட்டை நீட்டினால் அன்றே லயத்தைக் காலி செய்ய வேண்டும். கைத்தொழில் பிணக்குச் சட்டத்துக்கு 1957இல் வந்த திருத்தம் தொழில் நியாய சபைகளை உண்டாக்கியது. நீக்கப்பட்ட தோட்டத் தொழிலாளி மூன்றாம் ஆள் முன்னிலையில் காரணம் கேட்கலாம் என்றாயிற்று. அமெரிக்கத் தொழிலாளருள் பெரும்பாலோருக்கு இன்றும் இல்லாத உரிமை இது. ஆனால் நீக்கினால்தானே காரணம் கேட்கலாம்? நிறை குறைந்தது என்று அரைப்பேர் போட்டால் அது நீக்கமன்று. செக்றோலில் ஏற்றாமல் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கச் சொன்னால், மறுநாள் கூப்பிடாமல் விட்டாலே போதும். பத்து நாள் ஒப்பந்தத்தைவிட அது ஒன்பது நாள் குறைவானது.

2021 மார்ச்சில் சம்பளச் சபையின் வழியாக நாட்சம்பளம் 1000 ரூபாய் என வர்த்தமானியில் வந்தது. நெடுங்காலம் கேட்ட தொகை அது. கம்பனிகள் அதை ஏற்காமல் நீதிமன்றம் சென்றன. தொழிற்சங்கங்களோடு இரண்டாண்டுக்கு ஒருமுறை செய்துவந்த கூட்டு ஒப்பந்தத்திலிருந்தும் விலகிக்கொண்டன. கூடுதல் கிலோ கேட்கிறார்கள், பேரைப் பாதியாக்குகிறார்கள் என்ற முறைப்பாடுகள் தோட்டங்கள்தோறும் எழுந்தன. சம்பளத்தின் அளவை அரசு நிர்ணயித்தது. ஒரு நாளை முழு நாளாக ஏற்பதற்கான நிறையைத் தராசு பிடித்தவர்கள் நிர்ணயித்தார்கள்.

கனெக்டிகட் வழக்கில் 2022 ஜனவரியில் நடுத்தீர்ப்பாளர் முடிவு சொன்னார். கூட்டு ஒப்பந்தமே செல்லும், காட்டிய காரணம் போதாது, 11 மில்லியன் டாலருக்கு மேல் கொடுக்க வேண்டும் என்பது தீர்ப்பு. அந்த ஜனவரியில் அட்டனைச் சுற்றியுள்ள மலைகளில் கூட்டு ஒப்பந்தம் இல்லாமல் ஓராண்டு ஓடியிருந்தது; மாலையில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, பேரா அரைப்பேரா என்று தராசின் முள்ளைப் பார்த்து நின்றார்கள்.