விதிவிலக்கும் நீதியும்

சட்டம் எல்லோர்க்கும் பொதுவானது. வாழ்க்கையோ ஒவ்வொருவர்க்கும் தனியானது. இவ்விரண்டும் முரணும் இடங்களுள் ஒன்று, வீடு கட்டுவதற்கான அனுமதியாகும். விதித்த அளவிற் குறைந்த காணித்துண்டொன்றில் வீடமைக்க விழைபவன் அதிகாரசபையிடம் விதிவிலக்குக் கோருகின்றான். அதனை அளித்தல் நீதியா, சலுகையா என்பது நிருவாக வினா மட்டுமன்று, அறவியல் வினாவுமாகும்.

இலங்கையில் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் 1986இல் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகள், வதிவிடக் காணித்துண்டின் ஆகக்குறைந்த அளவை 150 சதுர மீற்றர் என வகுத்தன. அஃது ஏறத்தாழ 6 பேர்ச் ஆகும். யாழ்ப்பாண வழக்கில் ஒரு பரப்பு என்பது 10 பேர்ச். ஒரு பரப்புக் காணியை இரு பெண்மக்களுக்குச் சமமாகச் சீதனம் எழுதும் தந்தை, ஒவ்வொருத்திக்கும் 5 பேர்ச், அதாவது சுமார் 126 சதுர மீற்றரே அளிக்கின்றான். அத்தகைய அளவுகோலின் முன்னர், தந்தையின் சமநீதியே மக்கள் இருவரையும் வீடு கட்டும் தகுதியற்றோராக்கி விடுகின்றது.

இதனால் விதியைக் கொடுமையெனத் தள்ளிவிடலாமா? குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல்லாலானது. அதன் வெடிப்புகளூடாக அழுக்குநீர் எளிதிற் பரவும். கிணறும் மலசலகூடக் குழியும் நெருங்குமிடத்து, ஒருவன் தன் வேலிக்குள் செய்வது அயலவனின் குடிநீரிற் சென்று சேர்கின்றது. ஆகவே, விண்ணப்பத்திற் பெயர் காணப்படாதோரைக் காப்பதே விதியின் உட்கிடை எனலாம்.

ஐக்கிய அமெரிக்காவின் உயர் நீதிமன்றமும் இவ்விரு பக்கங்களையும் கண்டது. ஓகையோ மாநிலத்து யூக்கிளிட் கிராமத்தின் வலயச் சட்டம் செல்லுமென அது 1926இல் தீர்த்தது. ஆயினும், பொதுநலனுக்கு உதவாதவாறு தனியொரு காணியின்மேற் சுமத்தப்பட்ட வலயக் கட்டுப்பாட்டினை 1928இல் அதே மன்று நிராகரித்தது. பொதுவிதி நியாயமானதாயினும் அதன் குறித்ததொரு பிரயோகம் அநியாயமாகலாம் என்பதே இதன் பொருள்.

அரிஸ்ரோட்டில் இதனை முன்னரே உணர்ந்திருந்தார். சட்டம் பொதுமையிற் பேசுவதால் நேரும் குறையைத் திருத்துவதே ஒப்புரவு என்றும், அது லெஸ்போஸ் தீவுக் கொத்தரின் ஈய அளவுகோலைப் போன்று கல்லின் வடிவிற்கேற்ப வளைவது என்றும் அவர் விளக்கினார். ஆனால் வளையும் அளவுகோலும் அளவுகோலாகவே இருத்தல் வேண்டும். வேண்டியவர்க்கு வளைந்து வேண்டாதவர்க்கு நிமிர்வது அளவுகோலன்று.

எனவே மூன்று வினாக்கள் எழுகின்றன. முதலாவது, இடர் எவரால் விளைந்தது? இலாபங் கருதிக் காணியைத் துண்டாடி விற்றவனும், முதுசமாய்ப் பெற்ற துண்டன்றி வேறு நிலமற்றவளும் ஒரே நிலையினர் அல்லர். இரண்டாவது, அயலவர்க்கு நேரும் தீங்கினைப் பொதுக் கிணற்றாலோ வேறு ஏற்பாட்டாலோ நீக்க இயலுமா? மூன்றாவது, இதே நிலையிலுள்ள எவர்க்கும் இதே அனுமதியை, காரணங்காட்டி வெளிப்படையாக வழங்க முடியுமா? மூன்றாம் வினாவிற்கு விடையளிக்க இயலாத விலக்கு, செல்வாக்கின் விளைவேயன்றிக் கருணையன்று. விதியை மதித்து வீடின்றிக் காத்திருப்பவனிடமிருந்து அது களவாடப்பட்டதாகும்.

மூன்று வினாக்களுக்கும் தகுந்த விடை கிடைக்குமிடத்து விலக்களித்தல் அதிகாரியின் தயவன்று, கடமையாகும். அவ்வாறு தகுதியுடையோர் ஊரிற் பலராயின், திருத்தப்பட வேண்டியது அவர்தம் விண்ணப்பங்களன்று, விதியேயாகும். ஏழை தன் உரிமையை ஒவ்வொரு முறையும் இரந்து பெறவேண்டிய நிலையில், இரந்தது கிடைத்தாலும் அதனை நீதியெனல் பொருந்தாது.