மனமும் ஒரு சிட்டிகை உப்பும்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாணவர் விடுதியில் ஒரு சிறுவன் இருந்தான். காலைப் பிரார்த்தனையில் தூங்கி வழிவான். பாடத்தில் கவனம் நிலைக்காது. சிறு சொல்லுக்கும் எரிந்து விழுவான். அவனைத் தனியே அழைத்து மனவுறுதி, புலனடக்கம், விடாமுயற்சி பற்றி நெடுநேரம் பேசினேன். தலைகுனிந்து கேட்டுக்கொண்டான். மாற்றம் ஏதுமில்லை. பின்னர் விடுதிக்கு வந்த மருத்துவர் அவனது கீழிமையை விலக்கிப் பார்த்து, இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். கடுமையான இரத்தசோகை! குடற்புழு மருந்தும், சில மாதங்கள் இரும்புச்சத்து மாத்திரையும் உட்கொண்டபின் அவன் வேறொரு பிள்ளையாகிவிட்டான்.

இந்நிகழ்ச்சி என்னுள் ஒரு கேள்வியை எழுப்பியது. சிறிதளவு உலோகம் ஒருவனது நடத்தையையே மாற்றுமானால், 'நான்' என்று நாம் போற்றும் இம்மனம் எத்தகையது? ஒழுக்கம், பொறுப்பு என்பவற்றுக்குப் பொருள்தான் என்ன?

சாந்தோக்கிய உபநிஷதத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவைப் பதினைந்து நாட்கள் நீர் மட்டும் பருகி உண்ணாதிருக்கச் செய்கிறார். பின்னர் வேதம் ஓதுமாறு பணித்தால் அவனுக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை. உண்டபின் அனைத்தும் திரும்புகின்றன. மனம் உணவால் ஆனது என்பதை மகன் தன் உடம்பிலேயே கற்றுக்கொள்கிறான். வேதாந்தம் மனத்தை ஆன்மாவாகக் கொள்வதில்லை. நுண்ணிய ஜடப்பொருளால் ஆன கருவியாகவே கொள்கிறது. ஆகவே, தாதுப்பொருள் மனத்தைப் பாதிக்கிறது என்ற செய்தி வேதாந்திக்கு அதிர்ச்சி தருவதன்று.

ஆனால், அச்செய்தி நம் மனச்சாட்சியை அசைக்க வேண்டும். மண்ணிலும் நீரிலும் அயோடின் குறைந்த இமயமலைச் சாரலில் கழுத்துக்கழலை பரவலாக இருந்தது. டாக்டர் ராமலிங்கசுவாமியும் அவரது குழுவினரும் 1956-இல் காங்ரா பள்ளத்தாக்கில் ஆய்வைத் தொடங்கினர். அயோடின் கலந்த உப்பு வழங்கப்பட்ட பகுதிகளில் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் பிறந்தது. கழலையோ கண்ணுக்குப் புலப்படும் அடையாளம் மட்டுமே. கருவுற்ற தாய்க்கு அயோடின் கடுமையாகக் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சியே குன்றிவிடும். வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவைப்படுவது 150 மைக்ரோகிராம்தான். அந்தத் துளி கிடைக்காமல் பிறந்த குழந்தையை 'மந்தபுத்தி' என்று ஏசுவதும், அது முன்வினைப் பயன் என்று கூறி ஒதுங்குவதும் எவ்வளவு பெரிய அநீதி!

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. மனம் சோர்ந்தால் கடைக்குச் சென்று சத்து மாத்திரைப் புட்டிகளை வாங்கிக் குவிப்போர் இன்று பலர். குறையை நிரப்புவது வேறு. நிறைந்த பாத்திரத்தில் மேலும் ஊற்றுவது வேறு. அளவுமீறிய இரும்பு கல்லீரலைக் கெடுக்கும். அளவுமீறிய துத்தநாகத்தை நெடுநாள் உட்கொண்டால் உடலில் செம்புச்சத்து குறைந்து நரம்புகள் பழுதுபடும். மேலும், பிரிவு, கடன், தனிமை ஆகியவற்றால் வரும் துயரத்தை எந்த உப்பும் நீக்காது. குறை இருக்கிறதா என்பதை மருத்துவரே பரிசோதித்துச் சொல்லவேண்டும்.

அப்படியானால் பொறுப்பு எங்கே நிற்கிறது? அந்த மாணவனே விடை தந்தான். உடல் தேறிய பிறகும் அதிகாலையில் எழுவது அவனுக்கு எளிதாக இருக்கவில்லை. இரும்புச்சத்து எழுவதற்கான வலிமையைத் தந்தது. எழவேண்டும் என்ற முடிவை நாள்தோறும் அவனே எடுத்தான். விளக்குக்கு எண்ணெய் வார்ப்பது நம் கடமை. எண்ணெயில்லாத திரியைப் பார்த்து, 'நீ ஏன் எரியவில்லை?' என்று கடிந்துகொள்ளும் உரிமை நமக்கில்லை.

அவனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அன்று முதல் பிரார்த்தனையில் எந்த மாணவன் கண்ணயர்ந்தாலும், உபதேசத்தைத் தொடங்குமுன், "நேற்று சரியாகச் சாப்பிட்டாயா, அப்பா?" என்று கேட்கிறேன்.