விருந்தினர்க்கு உரிய அறம்

சைவாசிரியர்காள்! திருக்குறளில் விருந்தோம்பல் அதிகாரத்தை நாம் மாணாக்கர்க்கு ஆண்டுதோறும் கற்பித்து வருகின்றோம். விருந்தினரை ஏற்பார்க்கு உரிய கடமை அதனால் அவர்க்கு இனிது விளங்கும். ஏற்கப்படுவார்க்கும் ஒரு கடமை உண்டு. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

கருங்கடலின் கீழ்கரையிலுள்ள ஜோர்ஜியா தேசத்தார், விருந்தினர் இறைவனால் வருபவர் என்று பழமொழி கூறுவர். ஆங்கு மருத்துவம் பயிலும் எம் மாணாக்கர் ஒருவரைக் காணச் சென்ற காலத்து, அவருடைய தோழர் எம்மைச் சுக்டிடி நகரிலுள்ள தம் இல்லத்துக்கு அழைத்தனர். யாம் புலால் உண்ணேம் என்பதறிந்த அவ்வில்லத்து மூதாட்டியார் சிறிதும் மயங்கிலர். அவர்கள் கிறிஸ்து சமயத்தார்; நோன்பு நாட்களிலே புலாலும் பாலும் முட்டையும் நீக்கி உண்ணும் வழக்கம் உடையவர். ஆதலின் சோளக் களியும், போஞ்சி விதைக் கறியும், அக்ரோட்டுப் பருப்பு அரைத்துச் சேர்த்த கீரையும் நோன்புணவின் முறையிலே ஆக்கிப் படைத்தனர். மதுவை யாம் மறுத்தபொழுது மாதுளஞ்சாறு தந்தனர்.

அந்நாட்டு விருந்திலே தமதா எனப்படும் தலைவர் ஒருவர், முறையே ஒவ்வொன்று குறித்து வாழ்த்துரை கூறிக் கிண்ணம் ஏந்துவர். இறந்தாரை நினைந்து ஏந்தும் முறையும் உண்டு. அது வந்தபொழுது மூதாட்டியார் சுவரிலிருந்த ஓர் இளைஞரின் படத்தை நோக்கி வாளாவிருந்தனர். அவர் யாவரென்று மாணாக்கர் வாயிலாக வினாவினேம்.

அக்குடும்பத்தார் சுகுமி நகரத்தவர். 1993ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே அந்நகர் வீழ்ந்தது. அப்போரினால் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜோர்ஜியர் இடம்பெயர்ந்தனர். அவருட் பலர் சுவனேத்தி மலைவழியே பனியில் நடந்தனர். மூதாட்டியார் தம் மூத்த மகனை இழந்தது அவ்வழியிலேயாம். விருந்தினர் உண்ணும்பொழுது இதனைச் சொல்லுதல் தகாதென்று அதுகாறும் அடக்கியிருந்தனர். 1995ஆம் ஆண்டு ஒக்டோபரிலே வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து சென்ற செய்தியை யாமும் கூறினேம். அம்மையார் எம் கையைப் பற்றிச் சிறிது நேரம் அழுதனர். பின் எழுந்து எம் தட்டிலே மீண்டும் களி இட்டனர்.

இவ்வறத்தை நம் சமயத்திலே காட்டியருளினவர் திருநாவுக்கரசு நாயனார். திங்களூரிலே அப்பூதியடிகள் அவர்க்குத் திருவமுது அமைத்த நாளில், மூத்த மகனார் வாழைக் குருத்து அரியச் சென்று அரவு தீண்டி இறந்தனர். அடியவர் அமுது செய்தற்கு இடையூறாகுமென்று தாய் தந்தையர் அதனை மறைத்தனர். நாயனாரோ திருநீறு அளித்தற்கு அம்மகனைக் காணாது, உண்மையை வினாவி அறிந்து, பதிகம் பாடி அவரை எழுப்பிய பின்னரே அமுது செய்தனர். உயிரை மீட்கும் ஆற்றல் நமக்கு இல்லை. இலைமுன் இருந்து, இட்டவர் முகத்தை நோக்குதலும் அன்புடன் வினாவுதலும் யாவர்க்கும் இயலும்.

நம் மாணாக்கர் பலர் நாளைப் பிறநாடுகளிலே பிறர் இல்லங்களில் உண்பர். தாம் உண்ணாதனவற்றை முன்னரே பணிவுடன் அறிவித்தலும், இட்டதனை மகிழ்ந்து உண்டலும், இல்லத்தாரின் இன்ப துன்பங்களைக் கேட்டலும் அவர்க்குப் பழக்குதல் வேண்டும். ஆதலின் ஆசிரியர்காள்! விருந்தோம்பல் அதிகாரம் கற்பிக்கும் நாளிலேயே அப்பூதியடிகள் சரித்திரத்தையும் உடன் சொல்லுவீர்களாக.

சிவம்.