ஒருமையும் பன்மையும்

தேர் வருகிறது. திருவண்ணாமலை மாட வீதியிலே மக்கள் வெள்ளம். தேரிலே வீற்றிருக்கும் தெய்வங்களின் கைகளைப் பாருங்கள், தோழர்களே! ஒரு கையிலே மழு, ஒரு கையிலே சூலம், பிள்ளையின் கையிலே வேல். "உரிமம் எங்கே?" என்று அங்கே கேட்பாரில்லை. வீதியின் இருமருங்கிலும் காவலர்கள். சிலர் தோளிலே துப்பாக்கி. அவர்களையும் கேட்பாரில்லை, உடுத்தியிருக்கும் உடையே அவர்கட்கு உரிமம். சிலையும் அல்லாத, சீருடையும் இல்லாத ஒரு மனிதன் துப்பாக்கியோடு அந்த வீதியிலே நடந்தால்? அப்போதுதான் சட்டம் கண்விழிக்கிறது, கேள்வி பிறக்கிறது.

கேள்வி பிறப்பதிலே குற்றமில்லை. கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கேள்வி எல்லோரிடமும் ஒரே குரலில் கேட்கப்படுகிறதா?

இருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒருவர் பெருநிலக்கிழார், பளபளக்கும் காரிலிருந்து இறங்குகிறார், இடுப்பிலே தோலுறை, உறையிலே துப்பாக்கி. மற்றவர் சவ்வாது மலைக்காரர்; ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு இறங்கும் பாதையிலே வருகிறார்; தோளிலே நாட்டுத் துப்பாக்கி; பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிக்காக அவர் வைத்திருப்பது. காவலர் இருவரையும் நிறுத்துகிறார். முதல்வரிடம்: "ஐயா, லைசென்சு வைத்திருக்கிறீர்களா? சற்றுக் காட்டுங்கள்." இரண்டாமவரிடம்: "டேய், நில்லடா! எங்கேயடா கிடைத்தது இது?"

சட்டப் பிரிவு ஒன்றுதான். விகுதிதான் இரண்டு. ஒருவருக்குப் பன்மை, மற்றவருக்கு ஒருமை. இலக்கண நூலார் ஒருவரையே பன்மையிலே அழைப்பதை மரியாதைப் பன்மை என்பர். அந்த மரியாதை யாருக்கு வழங்கப்படுகிறது, யாருக்கு மறுக்கப்படுகிறது என்பதை இலக்கண நூல் சொல்லவில்லை. நம் சாலைகள் சொல்லுகின்றன.

"மலைக்காரரின் துப்பாக்கிக்கு உரிமம் இருக்காதே! காவலர் கடிந்து பேசுவதிலே தவறென்ன?" என்று கேட்பர் சிலர். உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றந்தான், மறுக்கவில்லை. ஆனால் உரிமம் உண்டா இல்லையா என்பது கேட்ட பிறகன்றோ தெரியும்? கேட்பதற்கு முன்பே "ஐயா"வும் "அடா"வும் எப்படிப் பிறந்தன? பார்த்த மாத்திரத்திலேயே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. விசாரணை அதற்குப் பின்னால் வருகிற சடங்கு.

சட்டம் என்ன சொல்கிறது? 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம், அதன் 19-ஆம் பிரிவிலே, ஆயுதம் ஏந்தி வருபவர் எவராயினும் அவரிடம் உரிமத்தைக் காட்டச் சொல்லும் அதிகாரத்தைக் காவல் அதிகாரிக்கு அளிக்கிறது. 20-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. உரிமம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, தீய நோக்கத்தோடுதான் ஆயுதத்தைக் கொண்டு போகிறார் என்று ஐயுறத் தக்க நியாயம் இருந்தால், பிடியாணையின்றியே கைது செய்யலாம். 2016-ஆம் ஆண்டின் விதிகளோ, பொது இடத்திலே துப்பாக்கியை வெளியே தெரியும்படி எடுத்துச் செல்லக்கூடாது, உறையிட்டு மூடியே கொண்டு செல்ல வேண்டும், சுழற்றிக் காட்டுவதும் சுடுவதும் கூடாது என்கின்றன. 2019-இல் வந்த திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது; மணவிழா மகிழ்ச்சியிலே வானை நோக்கிச் சுடுவோருக்கும் சிறை உண்டு என்றது. எல்லாம் நல்ல ஏற்பாடுகளே. மேலும் ஒன்று: சொத்து இல்லை என்ற ஒரே காரணத்திற்காக எவருக்கும் உரிமம் மறுக்கக்கூடாது என்று 14-ஆம் பிரிவு தெளிவாகவே கூறுகிறது.

ஏட்டிலே சமத்துவம் இருக்கிறது. ஆனால் "ஐயுறத் தக்க நியாயம்" என்கிறதே சட்டம், அந்த ஐயம் எங்கே பிறக்கிறது? ஏட்டிலேயா? இல்லை. பார்க்கிறவனின் கண்ணிலே பிறக்கிறது. அந்தக் கண்ணை வளர்த்தது யார்? சாதி வளர்த்தது; புராணம் வளர்த்தது; அயலார் ஆட்சி வளர்த்தது.

ஆயுதம் இன்னாருக்கு உரியது, இன்னாருக்கு ஆகாது என்று பிறப்பைக் கொண்டு வகுத்தது வருண தருமம். ஏகலைவன் கதையை எண்ணிப் பாருங்கள். வேடர் மகன் வில்லிலே வல்லவனானான். குற்றம் எதுவும் செய்யவில்லை. அவனுடைய திறமையே குற்றமாயிற்று. கட்டைவிரலைக் கேட்டார் ஆசான். காணிக்கை என்று பெயர் சூட்டினர். உண்மையில் அது உரிமப் பறிப்பு! மலைமகன் கையிலே வில்லைக் கண்டதும் பதறிய அந்தப் பழைய பார்வைக்கும், மலைக்காரர் தோளிலே துப்பாக்கியைக் கண்டதும் "அடா" என்று சீறும் இன்றைய பார்வைக்கும் உறவில்லை என்று சொல்லத் துணிவீர்களா?

அயலார் ஆட்சி வந்தது. 1801-இல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட பின்னர், தென்பாண்டிச் சீமையிலே கோட்டைகளை இடித்தனர். மக்கள் ஆயுதம் வைத்திருக்கலாகாதென அறிவித்தனர். 1878-இல் லிட்டன் பிரபுவின் காலத்திலே படைக்கலச் சட்டம் வந்தது. இந்தியன் உரிமம் பெற வேண்டும், ஐரோப்பியனுக்கு விலக்கு! நிறமே அன்று உரிமமாக இருந்தது. அந்த அவமானம் நெஞ்சிலே தைத்ததால்தான், 1931-இல் கராச்சியில் கூடிய காங்கிரசு, ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் அடிப்படை உரிமைகளின் பட்டியலிலே சேர்த்தது. பிறகு, விடுதலை பெற்ற நாடு எழுதிய அரசியல் சட்டத்திலே அந்த உரிமை இடம்பெறவில்லை. 19-ஆம் பிரிவு, அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமையைத்தான் தந்தது.

ஆயினும் பிறப்பும் மதமும் முற்றிலும் விலகிவிட்டனவா? அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, சீக்கியர் கிர்பான் அணிவதைச் சீக்கிய மதத்தைப் பின்பற்றுவதன் பகுதியாக ஏற்கிறது. குடகிலே, 1861-இல் ஆங்கில ஆட்சி கொடவர் இனத்தாருக்குத் தந்த விலக்கு இன்னும் வாழ்கிறது. 2021-இல் கருநாடக உயர் நீதிமன்றம் அது செல்லும் என்றது. அந்த மக்களைப் பழிப்பது நம் நோக்கமன்று. நம் கேள்வி கொள்கை பற்றியது. பன்றியிடமிருந்து பயிரைக் காக்கும் தேவை ஒருவனுக்கு இருக்கலாம். அந்தத் தேவையைக் காரணமாகக் காட்டினால் பகுத்தறிவு ஏற்கும். "இன்ன குலத்தில் பிறந்தேன்" என்பது காரணமாகுமா?

"அப்படியானால் எல்லோருக்குமே துப்பாக்கி கொடுத்துவிடலாமே! சமத்துவம் வந்துவிடுமே!" என்று பேசும் இளைஞர்களும் உண்டு. அந்த வழியிலே நடந்து பார்த்த நாடு ஒன்று இருக்கிறது. அமெரிக்கா!

அங்கே, கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில், 1966-இல் கருஞ்சிறுத்தைகள் என்ற கறுப்பின இளைஞர் அமைப்பு தோன்றியது. துப்பாக்கியை மறைக்காமல் ஏந்திச் செல்வது அன்று அந்த மாநிலத்தில் சட்டத்திற்கு உட்பட்டதே. அவர்கள் துப்பாக்கியோடு காவலரைப் பின்தொடர்ந்தனர்; கறுப்பர்களை நிறுத்தி விசாரிக்கும் இடத்திலே, சட்டம் அனுமதித்த தூரத்தில் நின்று கவனித்தனர். 1967 மே 2-ஆம் நாள் சாக்ரமெண்டோவிலுள்ள சட்டமன்றக் கட்டடத்துக்கே துப்பாக்கியோடு சென்றனர். விளைவு? அதே ஆண்டு சட்டம் மாற்றப்பட்டது. குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்திலே ஏந்துவது தடையாயிற்று. கையெழுத்திட்ட ஆளுநர், பின்னாளில் குடியரசுத் தலைவரான ரீகன். வெள்ளையர் ஏந்தியபோது உரிமை. கறுப்பர் ஏந்தியபோது ஆபத்து!

இன்னொன்று கேளுங்கள். 2016 சூலை 6-ஆம் நாள், மின்னசோட்டா மாநிலத்திலே, பள்ளி உணவுக்கூடம் ஒன்றில் பணியாற்றிய ஃபிலாண்டோ காஸ்டீல் என்ற கறுப்பரின் காரைக் காவலர் நிறுத்தினார். காஸ்டீலிடம் துப்பாக்கி இருந்தது. முறையான உரிமமும் இருந்தது. தம்மிடம் துப்பாக்கி இருப்பதை அவரே முன்வந்து, பணிவோடு சொன்னார். சில நொடிகளில் சுடப்பட்டார், இறந்தார். "அஞ்சினேன், ஆகவே சுட்டேன்" என்பதே காவலரின் வாதம். மறு ஆண்டு நடுவர் குழு அவரை விடுவித்தது. உரிமச் சீட்டு காஸ்டீலின் கையிலே இருந்தது. ஐயம் காவலரின் கண்ணிலே இருந்தது. சீட்டு தோற்றது, கண் வென்றது. எல்லோருக்கும் துப்பாக்கி தந்துவிட்டால் சமத்துவம் வந்துவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சரி, அமெரிக்கா இருக்கட்டும். நம் மண்ணுக்கு வருவோம். 1968 டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணியிலே கூலி உயர்வு கேட்ட உழவர்களின் சேரியைத் துப்பாக்கியோடும் தீயோடும் சூழ்ந்தனர் நிலவுடைமையாளரின் ஆட்கள். குடிசைக்குள் ஒண்டிய 44 பேர் கருகி மாண்டனர். துப்பாக்கி யாரிடம் இருக்கிறது என்பது சாதியின் கேள்வி என்று அந்த இரவு எழுதிக் காட்டியது. அந்தப் பாடத்தைச் சட்டமும் காலந்தாழ்ந்து கற்றது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1995-இல் வந்த விதிகளிலே மூன்றாம் விதியைப் படித்துப் பாருங்கள். வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளிலே, ஆதிக்கத் தரப்பினரின் துப்பாக்கி உரிமங்களை நீக்கி ஆயுதங்களை அரசுக் கிடங்கிலே சேர்க்க வேண்டும். தேவையென்று கருதினால், தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் தற்காப்புக்காக உரிமம் வழங்கலாம் என்கிறது அது. நம்மில் எத்தனை பேர் இதை அறிவோம்?

இரண்டாவது வழி இறுதிக் கையிருப்பு. அதை நான் பழிக்கமாட்டேன். தீவைக்க வருகிறவன் முன்னே நிற்பவனுக்கு அறவுரை சொல்லும் தகுதி, பாதுகாப்பாக வீட்டிலே உறங்கும் எவனுக்கும் இல்லை. ஆனால் நம் இலக்காக இருக்க வேண்டியது முதல் வழி: ஆதிக்கத்தின் கையிலிருந்து ஆயுதத்தை இறக்குவது. ஏனெனில், ஆயுதத்தால் பெறுகிற மரியாதை அச்சத்திலே பிறந்தது. ஆயுதம் கீழே வைக்கப்பட்ட மறுகணமே அது மறைந்துவிடும். நாம் கேட்பது, வெறுங்கையோடு நிற்பவனுக்கும் உரிய மரியாதை.

வெறுங்கையனுக்கும் கூலிக்காரனுக்கும் நேர்ந்தது என்ன? 2015 ஏப்ரல் 7-ஆம் நாள், சேசாசலக் காட்டிலே, செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி 20 தமிழர்களை ஆந்திரக் காவல் படை சுட்டுக் கொன்றது. பலர் நம் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் ஏழை எளியவர்கள். கல்லும் அரிவாளும் கோடரியும் கொண்டு தாக்க வந்தனர் என்றது காவல் படை. மரம் வெட்டுகிறவன் கையிலே கோடரி இல்லாமல் எழுதுகோலா இருக்கும்? உழைப்பின் கருவியே போர்க் கருவியாகக் கணக்கெழுதப்படுகிறது, கையின் சொந்தக்காரன் ஏழையாக இருந்துவிட்டால். மரம் கடத்துவது குற்றமே. அதற்கு நீதிமன்றம் உண்டு, சிறை உண்டு. சாவுத் தண்டனை எந்த நூலில் இருக்கிறது? காவல்துறை மோதலில் நிகழும் ஒவ்வொரு சாவுக்கும் வழக்குப் பதிய வேண்டும், தனி விசாரணை வேண்டும், நடுவரின் ஆய்வு வேண்டும் என்று உச்சநீதிமன்றம் விதித்தது 2014 செப்டம்பரிலே. ஏழு திங்கள்கூட ஆகவில்லை, இருபது பிணங்கள்!

வழிப்பறிக் கள்வனையும், அதிகாரத்தைக் காட்டிக் குடிகளிடம் பறிக்கும் மன்னனையும் ஒரே தட்டிலே வைத்து எடைபோட்டவர் வள்ளுவர். கள்வனின் ஆயுதத்தையும் காவலனின் ஆயுதத்தையும் பிரிப்பது இரும்பின் தரமன்று. கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை. "ஏன் சுட்டாய்?" என்று கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்டது காவல்துறை. அந்தக் கடமை நீங்கினால், எஞ்சுவது ஆயுதம் மட்டுமே.

காவலரெல்லாம் கொடியவர் என்பதல்ல நம் வாதம். ஆயுதத்தோடு வருபவன் எதிரே நிற்கும் காவலனுக்கும் உயிர் உண்டு, குடும்பம் உண்டு, அச்சம் உண்டு. அதே சீருடை நன்மைக்கும் துணை நிற்பதைக் கண்டிருக்கிறோம். 1924-இல் வைக்கத்திலே, கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமை கேட்டுச் சென்றார் பெரியார். கையிலே ஆயுதமில்லை. தடுப்பு வைத்துத் தடுத்தது காவல்துறை. இருமுறை சிறையிலிட்டது அரசு. 2023 சனவரி 30-ஆம் நாள், நம் மாவட்டத்துத் தென்முடியனூரிலே, எண்பது ஆண்டுகளாக வாயில் அடைக்கப்பட்டிருந்த தாழ்த்தப்பட்ட மக்கள் மாரியம்மன் கோயிலுக்குள் நடந்தனர். அவர்கள் கையிலும் ஆயுதமில்லை. அன்று காவல்துறை அவர்களுக்குத் துணையாக நின்றது. "கடவுள் இல்லை என்பவருக்குக் கோயில் நுழைவிலே என்ன மகிழ்ச்சி?" என்று கேலி பேசுவோர் பேசட்டும். உள்ளே இருப்பது கல் என்பது நம் கருத்து. வாயிலிலே தடுக்கப்பட்டவன் மனிதன் என்பது எல்லோரும் ஒப்பவேண்டிய உண்மை.

வைக்கத்திலும் தென்முடியனூரிலும் சீருடை ஒன்றுதான். மாறியது, அது யார் பக்கம் நின்றது என்பது. அதை மாற்றியது துப்பாக்கியல்ல. நூற்றாண்டுக் காலப் பேச்சும் எழுத்தும் போராட்டமும், அவற்றின் விளைவாக வந்த சட்டமும்.

ஆகவே, தோழர்களே, சட்டத்தைப் படியுங்கள். மூன்றாம் விதியை உங்கள் ஊர் மன்றத்திலே உரக்கப் படித்துக் காட்டுங்கள். சாலையிலே ஓர் ஏழையைக் காவலர் நிறுத்தும்போது, விலகிப் போகாமல் சற்று நின்று பாருங்கள். அவர் "அடா" என்றால், "ஐயா என்று கேளுங்கள்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்கட்டும். உரிமம் உண்டா என்று கேட்கட்டும். குற்றமிருந்தால் கைதும் செய்யட்டும். ஆனால் பெருநிலக்கிழாரிடம் கேட்ட அதே பன்மையிலே கேட்கட்டும். தன்மானத்தின் முதல் பாடம் அந்த ஒரு விகுதியிலே இருக்கிறது.