கண்டதும் காட்டினதும்

விற்கிறவர் பொறுக்கித் தந்த ஒரு கைப்பிடி நெல்லைப் பார்த்து மூட்டைக்கு விலை பேசுவோமா? நாமே குத்தூசி போட்டுப் பார்ப்போமே!

2017 ஜனவரியில் மெரினா ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் ஜூலியை மெச்சின ஜனங்களே, அதே வருஷம் 'பிக் பாஸ்' முதல் சீசனில் அவரைப் பார்த்து வாய்க்கு வந்தபடி எழுதினார்கள். அவரிடம் தவறே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரவும் பகலும் ஓடின கேமராவில் நாம் கண்டது, யாரோ வெட்டி ஒட்டின கொஞ்ச நேரம்தானே?

கண்ட செய்கையை எழுதலாம். "இவள் இப்படிப்பட்டவள்" என்று எழுதினால், காணாததற்கும் சாட்சி சொல்லுகிறோம். அது பொய்ச்சாட்சி அல்லவா? நம்ம வீட்டுப் பிள்ளையின் கோபத்தை மட்டும் வெட்டிக் காட்டினால் தாங்குவோமா? நிதானித்து எழுதுவோம்.