சம்மதம் சொல்லக்கூடியவர்

தோல் உடலின் வேலி என்று வகுப்பில் கற்பிக்கிறேன். நெதர்ட்டன் என்ற பரம்பரை நோயில் அந்த வேலியே நிற்பதில்லை. தோலைக் கழற்றும் நொதியங்களை அடக்கிவைக்கும் புரதம் இவர்களிடம் பழுதுபட்டிருக்கிறது.

ஐக்கிய அமெரிக்காவின் அசிட்ரா நிறுவனம், தோலில் இயல்பாக வாழும் ஒரு பற்றீரியாவை மாற்றியமைத்து, அப்புரதத்தின் துண்டொன்றைச் சுரக்கச்செய்து, உயிருடனேயே பூச்சுமருந்தாக்கியது. முதற்கட்டப் பரிசோதனைக்கு வளர்ந்தோரையே சேர்த்தார்கள். அவர்களால்தான் தம் வாயால் சம்மதம் சொல்லமுடியும். ஆனால் இந்நோய் உயிர் பறிப்பது பெரும்பாலும் கைக்குழந்தைப் பருவத்தில், நீரிழப்பாலும் கிருமித்தொற்றாலும். சம்மதம் சொல்லக்கூடியவர் அந்த ஆபத்தைக் கடந்து வந்தவர். ஆபத்தில் கிடப்பதற்கோ இன்னும் பேச்சு வரவில்லை.

அப்படியானால் குழந்தைகளிலேயே தொடங்கலாமே என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. டக்ரோலிமஸ் களிம்பு பூசிய நெதர்ட்டன் பிள்ளைகளின் இரத்தத்தில் அம்மருந்து அளவுமீறிச் சேர்ந்திருந்ததை 2001இல் வைத்தியர்கள் அறிவித்தார்கள். களிம்பையாவது நிறுத்தலாம், உயிருள்ளது பெருகுமே! (வெளியிலிருந்து ஊட்டாவிட்டால் வாழாதபடி அதை ஆக்கியிருக்கிறார்கள் என்பது ஓர் ஆறுதல்.)

முதற்கட்டம் பிரதானமாகப் பார்ப்பது பாதுகாப்பை, குணத்தையல்ல. ஆகவே பூசிக்கொள்ளும் பெரியவர் தமக்கென்று பெறுவது சொற்பம். அவர் தோலைக் கொடுப்பது இன்னும் பிறவாத, தம் உறவுமல்லாத ஒரு பிள்ளைக்கு. அந்த மருந்து தேறிவிட்டால், விலை குறிக்கும் மேசையில் அவருடைய பங்கை யார் பேசுவார்?