வீட்டு விஷயம் வீட்டோடவா?

“வீட்டு விஷயம் வீட்டோட இருக்கட்டும்.” எஸ்டேட்டில் வளர்ந்த நம்மில் இதைக் கேட்காதவர் இருக்க முடியாது. அம்மா சொல்வார், பாட்டி சொல்வார், அப்பா வாய் திறக்காமல் கண்ணாலேயே காட்டுவார். இது தர்மமா, வெறும் பழக்கமா என்று நான் யோசிக்க ஆரம்பித்தது நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை காலத்தில்தான்.

2020 மார்ச் 18-இல் ஆணை வந்தது. சாமான் வாங்க வீட்டுக்கு ஒருவர்தான் போகலாம், பிறகு அதுவும் 10 கிலோமீட்டருக்குள் என்றார்கள். நெகிரி செம்பிலானில் ரந்தாவ், லிங்கி, லாபு, பகாவ் பக்கத்துத் தோட்டங்களை நினைத்துப் பாருங்கள். செம்பனைக் காட்டில் வேலை நிற்கவில்லை. குலை வெட்டுகிறவர் காலைப் பெரட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். ஆனால் இன்றைய எஸ்டேட் குடும்பம் காட்டுச் சம்பளத்தை மட்டும் நம்பி இல்லை. மகனுக்கு செனவாங்கில் தொழிற்சாலை, மருமகளுக்கு சிரம்பானில் கடை வேலை. எல்லோரும் ஒரே நாளில் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார்கள். இரண்டு அறை, ஓர் அஞ்சடி, ஒரே கைப்பேசி, அதில் மூன்று பிள்ளைகளுக்கு இணையப் பாடம்.

பணக் கஷ்டத்தைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். என் கண்ணில் பட்டது கோயில் பூட்டு. மாரியம்மன் கோயிலுக்கு நாம் சாமி கும்பிட மட்டுமா போகிறோம்? வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து, பிரசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெண்கள் அரை மணி நேரம் படியில் உட்காருவார்களே, பலருக்கு அந்த வாரத்தின் மூச்சே அதுதான். ஆண்களுக்கு ஒட்டுக்கடை. இரண்டும் போனபின் சொல்ல வேண்டியதெல்லாம் வீட்டுக்குள்ளேயே சுற்றியது. கோபமாகச் சுற்றியது, சில வீடுகளில் போத்தலாகவும் சுற்றியது.

அந்த நேரத்தில்தான் மகளிர் அமைச்சின் கீழுள்ள ஒரு துறை மனைவிமார்களுக்கு அறிவுரைப் படங்கள் வெளியிட்டது. கணவரை நச்சரிக்காதீர்கள், வீட்டிலும் ஒப்பனை செய்துகொள்ளுங்கள், டோராஎமோன் குரலில் பேசுங்கள்! நாடே கேலி செய்தது, துறை மன்னிப்பு கேட்டது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நம் வீடுகளிலும் அதே அறிவுரைதானே, டோராஎமோன் மட்டும்தான் குறை. பொறுமை என்றால் அது அம்மாவின் இலாகா. குறளில் பொறையுடைமையும் இனியவை கூறலும் இல்லறவியலில் இருக்கின்றன. மனைவிக்கு மட்டும் என்று வள்ளுவர் அவற்றைப் பிரித்து வைக்கவில்லை.

சரி, லயத்து வீட்டில் ரகசியம் ஏது? பக்கத்து வீட்டில் தட்டு பறந்தால் நமக்குக் கேட்கும். மறுநாள் அந்த அக்கா வீங்கிய கண்ணோடு துணி காயப் போடுவார். நாம் “சாப்டீங்களாக்கா?” என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டுவோம். மானம் என்று நாம் காப்பாற்றுவது ரகசியத்தை இல்லை, கேட்டும் கேட்காததுபோல் இருப்போம் என்று எல்லோரும் சேர்ந்து செய்துகொண்ட ஓர் ஒப்பந்தத்தை. இதில் லாபம் அடிக்கிறவனுக்கு, குடிக்கிறவனுக்கு. அந்த அக்காவுக்கு இல்லை. மூலையில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கிற பதினைந்து வயதுப் பையனுக்கும் இல்லை.

பெரியவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. எஸ்டேட்டில் ஒரு வார்த்தை வெளியே போனால் மறுநாள் பெரட்டுக்குள் பத்து வார்த்தையாகிவிடும். வரன் பார்க்கிற வீடு என்றால் சொல்லவே வேண்டாம். அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் குற்றம் சொன்னவர் மேலா, பத்தாக்கியவர் மேலா? புறங்கூறாமை அதிகாரம் தடுப்பது, இல்லாதவரைப் பற்றி முதுகுக்குப் பின்னால் பேசுவதை. தன் வேதனையைச் சொல்லாதே என்று அதில் எங்கும் இல்லை. அம்மன் முன்னால் வாய்விட்டு முறையிடும் பாட்டியைக் குடும்ப மானத்தைக் கெடுத்தார் என்று யாராவது சொன்னதுண்டா?

கீதையின் முதல் அத்தியாயத்துக்கு அர்ஜுன விஷாத யோகம் என்று பெயர். விஷாதம் என்றால் துயரம், மனச்சோர்வு. அவ்வளவு பெரிய வீரன், இரண்டு சேனைக்கும் நடுவில், தன் உடம்பு நடுங்குவதையும் வாய் உலர்வதையும் மறைக்காமல் சொல்கிறான். அதற்குப் போய் யோகம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்! கண்ணன் முதலில் கடிந்துகொள்ளத்தான் செய்கிறான், அதை நாம் மறைக்க வேண்டாம். ஆனால் தேரை விட்டு இறங்கிப் போய்விடவில்லை. மீதி 17 அத்தியாயமும் அர்ஜுனன் வாய் திறந்ததால் வந்தவை.

2021 ஜூன் 1 முதல் மறுபடியும் முழு முடக்கம். அப்போதுதான் வெள்ளைக்கொடி வந்தது. உதவி வேண்டுமென்றால் வீட்டு வாசலில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினால் போதும். கொடியைத் தூக்காதீர்கள், கையைத் தூக்கிப் பிரார்த்தனை செய்யுங்கள் என்றார் ஒரு நாடாளுமன்ற உறுப்பினர். பிரார்த்தனை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு கையில் ஒன்றைத் தூக்கிக் கும்பிட்டுவிட்டு மற்றதால் கொடி கட்டக் கூடாதா?

அரிசி கொண்டுபோன ஒருநாள், லயத்தில் ஒரு வீட்டுக் கொடிக்கயிற்றில் வெள்ளைத் துண்டு ஒன்று தொங்கியது. மழை வந்து எல்லோரும் துணியை எடுத்தார்கள், அது மட்டும் நனைந்துகொண்டிருந்தது. “காயப் போட்டதில்ல தம்பி, போய்ப் பாருங்க” என்றார் எதிர்வீட்டு ஆயா. அரிசியும் வேண்டித்தான் இருந்தது. ஆனால் அந்த வீட்டு ஐயா எங்களை ஒரு மணி நேரம் வாசலில் நிற்கவைத்து விலைவாசி, அரசியல், பழைய பால்மரக்காடு என்று பேசினார். வேலை போன மகன் மூன்று வாரமாக அறையை விட்டு வெளியே வரவில்லை என்பது கடைசியில்தான் வந்தது. அந்த முதல் ஐம்பது நிமிடத்தில் நாங்கள் மணி பார்த்திருந்தால் அது வந்தே இருக்காது.

காவல்துறைக் கணக்கில் 2020-இல் நாட்டில் 631 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். 2021-இன் முதல் 5 மாதத்திலேயே 468 பேர். முயன்று பிழைத்தவரைத் தண்டிக்க அப்போது சட்டம் வேறு இருந்தது. தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவை 2023-இல்தான் நீக்கினார்கள்.

நம் கிளைகளில் தேவாரம் சொல்லித் தருகிறோம், கோலப் போட்டி வைக்கிறோம். காது கொடுத்துக் கேட்பதையும் பழகிக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் அவசரமாக விளக்கை அணைத்துக் கதவடைக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. கேட்டது நம் சக்திக்கு மீறியது என்றால், வீட்டில் அடிதடிக்கு தாலியன் காசே 15999, மனம் தாங்கவில்லை என்கிறவருக்கு பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929. தமிழ் பேசுகிறவர் இருக்கிறாரா என்று முதலிலேயே கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.